எண்ணெய்ப் போத்தலும் அக்காவின் கன்னமும்

திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், யாருக்காவது விளம்பரத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கப் போனால் முதலில் காதில் விழுவது ஒரே வசனம்தான்: "பளிச்செண்டு வரணும்." செக்கெண்ணெய் விற்கிறவரும் அதைத்தான் சொல்கிறார். வீட்டில் கேக் செய்து பேஸ்புக்கில் ஓடர் எடுக்கிறவரும், உப்புவெளிக் கடற்கரையில் மூன்று அறைகளைக் கட்டிவிட்டு வெள்ளைக்காரருக்காகக் காத்திருக்கிறவரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், "லைட்டைக் கூட்டுங்கோ" என்பார்கள்.

நான் புகைப்படம் படிக்கிற மாணவி. கையில் இருப்பது செக்கண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு பழைய கெனன் கமெரா, ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ், ஒரு போன். வகுப்பில் பொருட்களை எடுப்பது ஒரு பாடம், முகங்களை எடுப்பது இன்னொரு பாடம். இரண்டுக்கும் தனித்தனி ஒப்படை, தனித்தனி புள்ளி. ஆனால் இந்த ஊரில் சின்னதாக ஏதாவது செய்து விற்கிறவர்களுக்கு அப்படிப் பிரிவு கிடையாது. கருவாட்டு அக்காவிடம் சனம் வாங்குவது பாதி கருவாட்டுக்காக, பாதி அக்காவுக்காக. அதனால் என் பரிசோதனைகளும் கலந்தே நடந்தன. போத்தலில் படித்தது முகத்துக்கு உதவியது. எந்தப் பொருளும், எந்த முகமும் நாம் அதன்மேல் கொட்டுகிற வெளிச்சத்தால் எடுப்பாக வருவதில்லை, அதைச் சுற்றி எதை நிறுத்துகிறோம் என்பதால்தான் வருகிறது என்பது என் இப்போதைய கட்சி.

முதலில் நல்லெண்ணெய். அம்மாவுக்குத் தெரிந்த ஒரு ஐயா செக்கில் ஆட்டி, கண்ணாடிப் போத்தலில் விற்கிறார். நல்ல எண்ணெய். மூடியைத் திறந்தால் விறாந்தை முழுக்க எள் மணக்கும். கமெராவில் இருக்கும் பிளாஷை அடித்து எடுத்தால் அந்த எண்ணெய் கறுப்பாகிவிடும். போத்தலின் தோளில் ஒரு வெள்ளைப் புள்ளி எரியும், லேபல் வெளிறும். பிளாஷைக் கூட்டினால் புள்ளி பெரிதாகும், எண்ணெய் இன்னும் கறுக்கும். குறைத்தாலும் பெரிதாக மாற்றமில்லை.

காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படுகோணமும் தெறிகோணமும் சமன்: வெளிச்சம் எந்தச் சாய்வில் வந்து படுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் தெறிக்கும். கண்ணாடிக்குச் சொந்த முகம் இல்லை, தன்னைச் சுற்றி நிற்பதைத்தான் காட்டும். கமெரா இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்தால் படலை தெரியும், கொடியில் காயும் உடுப்பு தெரியும், அப்பாவின் மோட்டார் சைக்கிள் தெரியும், நடுவில் நீட்டி நெளிந்து நானும் தெரிவேன். வளைந்த கண்ணாடி என்பதால் முற்றம் முழுவதையும் சுருட்டி வைத்திருக்கும். ஆகவே வெளிச்சத்தை விட்டுவிட்டு முதலில் முற்றத்தைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. போத்தலின் இரண்டு பக்கமும் கறுப்பு பிரிஸ்டல் போர்ட், அதாவது தடித்த காகித மட்டை, நிறுத்தினேன். உடனே இரண்டு ஓரங்களிலும் பேனையால் கீறியது போலக் கறுப்புக் கோடு விழுந்து, போத்தலின் உருவம் பின்னணியில் இருந்து பிரிந்து வந்தது. வெயில் வரும் பக்கத்தில் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டேன். எரியும் புள்ளி இருந்த இடத்தில் கழுத்திலிருந்து அடிவரை நீளமான, மென்மையான ஒரு வெள்ளைப் பட்டி வந்தது.

வேட்டி ஏன் வேலை செய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். சூரியன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நம் வானத்தில் அது அரைப் பாகை அகலம்தான். அதாவது நமக்கு அது ஒரு சின்ன விளக்கு, அதனால்தான் நிழல் கத்தி வெட்டினாற்போல விழுகிறது. வேட்டியில் வெயில் பட்டதும் வேட்டியே விளக்காகிவிடுகிறது, அதுவும் போத்தலுக்குப் பக்கத்தில் நிற்கிற நாலு முழ விளக்கு. பொருளோடு ஒப்பிட விளக்கு எவ்வளவு பெரிதோ நிழல் அவ்வளவு மென்மையாகும். வேட்டியைக் கிட்டக் கொண்டுவந்தால் வெளிச்சம் மென்மையாவதோடு கூடவும் செய்யும். தூரத் தள்ளினால் இரண்டும் போய்விடும். கச்சான் அடிக்கிற மாதங்களில் இந்த விளக்கு பின்னேரம் ஆனால் பறக்கத் தொடங்கும். இரண்டு மூலையிலும் அரைக்கல் கட்டித் தொங்கவிடுவது அதற்கு என் வைத்தியம். இதே வேலைக்காகக் கடைகளில் விற்கும் சொப்ட்பொக்ஸை, வெள்ளைத் துணி போர்த்திய விளக்குப் பெட்டியை, நான் குறை சொல்லவில்லை. காசு இருந்தால் நானும் வாங்குவேன்.

ஓரமும் பட்டியும் கிடைத்த பிறகும் எண்ணெய் கறுப்பாகவே நின்றது. தெளிந்த திரவத்துக்கு முன்னாலிருந்து வெளிச்சம் கொடுத்துப் பயனில்லை, அது ஊடே போய்விடும். பின்னாலிருந்து வரவேண்டும். பால்மா பக்கெட்டின் உட்பக்கம் வெள்ளி நிறம். அதைக் கழுவித் துடைத்து, போத்தலின் உருவத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக வெட்டி, ஒரு மட்டையில் ஒட்டிப் போத்தலுக்குப் பின்னால் சரித்து வைத்தேன். முன்னால் இருந்து பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மேலிருந்து வரும் வெளிச்சத்தைப் பிடித்து எண்ணெய்க்குள் அனுப்பும். சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் எண்ணெய் முழுவதும் அடியிலிருந்து நெருப்புப் பற்றியது போல ஒளிர்ந்தது. பிறகு லேபல் இருட்டாக நின்றது, அதற்கு அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியால் ஒரு சின்ன வெளிச்சத்தைத் திருப்பிவிட்டேன். ஐயா படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் நல்லா இருக்கு பிள்ளை, லேபல்ல போன் நம்பர்தான் தெரியேல்ல" என்றார். அவர் சொன்னதும் நியாயம். விளம்பரப் படத்தில் போன் நம்பர் தெரியாவிட்டால் எண்ணெய் பற்றி எரிந்து என்ன பயன்?

இந்த இடத்தில் எங்கள் ஊர் வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். புத்தகங்களும் யூடியூப் ஆசிரியர்மாரும் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: வடக்குப் பார்த்த யன்னல் தேடு, அதில் நேர் வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். ஐரோப்பாவில் ஓவியர்கள் வடக்கு யன்னல் வைத்துக் கூடம் கட்டியது அதற்காகத்தான். திருமலை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட எட்டரைப் பாகையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் நேரே எங்கள் உச்சிக்கு வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசிவரை நடுப்பகலில் அது எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் உள்ளே விழும், தெற்கு யன்னல்தான் அமைதியாக இருக்கும். புத்தகத்தை நம்பி வடக்கு அறையில் மேசை போட்டவருக்கு ஆனி மாதத்தில் கோடுகோடாக வெயில்தான் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு மழை வரும்போது விதி பழையபடி சரியாகிவிடும், ஆனால் அப்போது வெளிச்சமே குறைவு.

உச்சி வெயில் நாட்களில் இன்னொரு சங்கடம். மதியம் முற்றத்தில் ஒருவரை நிறுத்தினால் நிழல் காலடியில் சுருண்டுவிடும், கண்குழி இரண்டும் கறுப்பாகும், மூக்கு நிழல் மேலுதட்டில் மீசை வைக்கும். சரி, மாலைப் பொன்வெயிலுக்குக் காத்திருப்போம் என்றால் அதுவும் இங்கே அவசரக்காரன். சூரியன் எங்களுக்குக் கிட்டத்தட்ட நெட்டாக இறங்குவதால் அடிவானத்துக்கு மேலே ஆறு பாகையில் இருந்து மறைய அரை மணித்தியாலம்கூட எடுக்காது. அதுவும் கிழக்குக் கடற்கரை என்றபடியால் கடல்மேல் தங்கம் பூசுவது விடியப்புறத்தில் மட்டும்தான். டச்சுக் குடாவில் காலை ஆறரைக்கு நிற்கத் தயாரான மொடல் கிடைத்தால் சொல்லுங்கள். நல்ல முகவெளிச்சம் விழும் இடமென்றால் நான் பிரெட்ரிக் கோட்டை வாசலைச் சொல்வேன். அந்தக் கல் வளைவுக்குள் இரண்டடி உள்ளே நின்றால் மேலிருந்து வரும் வெயில் அடைபட்டு, முன்பக்கத் திறப்பிலிருந்து மட்டும் வெளிச்சம் முகத்தில் விழும். ஆனால் கோணேசர் கோவிலுக்குப் போகிற ஓட்டோ எல்லாம் அதற்குள்ளால்தான் போகவேண்டும். உள்ளே இராணுவமும் இருப்பதால் கமெராவை எங்கே திருப்புகிறோம் என்று பார்த்துத் திருப்ப வேண்டும். ஆகவே வீட்டு விறாந்தைதான் என் ஸ்டூடியோ. கூரை உச்சி வெயிலை வெட்டிவிடும், வேட்டி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1948இல் பெரு நாட்டுக் குஸ்கோ நகரில் உள்ளூர்க்காரர் ஒருவரின் பகல்வெளிச்ச ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து, சந்தைக்கு வந்த மலைவாசிகளை நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு மொரோக்கோ, நியூகினி என்று போன இடமெல்லாம் ஒரு கூடாரத்தையே ஸ்டூடியோவாகச் சுமந்து திரிந்தார். அதே ஆள்தான் கிளினிக் நிறுவனத்தின் அழகுசாதனப் போத்தல்களையும் விளம்பரத்துக்கு எடுத்தவர். போத்தலையும் மனிதரையும் அவர் ஒரே கண்ணால் பார்த்தார் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். எனக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் பைத்தியம்.

அடுத்தது கருவாடு. திருக்கடலூர் அக்கா ஒருவர் நெத்தலி காயவைத்துச் சின்னச் சின்னப் பக்கெட்டாகக் கட்டி விற்கிறார். பொலித்தீன் பக்கெட் படத்துக்கு எதிரி. கண்ணாடியிலாவது ஒரு வளைவுதான், கசங்கிய பொலித்தீனில் நூறு சின்னக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். எத்தனை போர்ட் நிறுத்தினாலும் ஏதாவது ஒன்று வெயிலைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே பக்கெட்டைப் பின்னால் மங்கலாக நிறுத்தி, பிரித்த நெத்தலியைச் சுளகில் பரப்பி முன்னால் வைத்தேன். நெத்தலியின் பக்கவாட்டில் ஓடும் வெள்ளிக் கோடு காய்ந்த பிறகும் மினுங்கும். அது உலோகம் மாதிரி. பெட்டிகளுக்குள் வைத்து வரும் வெள்ளை ரெஜிபோம் துண்டைக் காட்டினால் வெள்ளியாகும், காட்டாவிட்டால் சாம்பலாகும். வெளிச்சம் பக்கத்திலிருந்து தாழ்வாக, சுளகைத் தடவிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு மீனும் தனித்தனியாகத் தெரியும், மேலிருந்து வந்தால் எல்லாம் ஒரு குவியல்.

சாப்பாட்டுப் படம் எடுப்பவர்கள் ஒரு வித்தை சொல்வார்கள். தூரிகையால் மெல்ல எண்ணெய் பூசினால் எதுவும் புதிதாகத் தெரியுமாம். கறிக்கும் சுட்ட இறைச்சிக்கும் அது சரிதான். நான் தூரிகையை எடுத்ததும் அக்கா கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன செய்யிறாய் பிள்ளை? எண்ணெய் மினுக்கம் தெரிஞ்சா பழங்கருவாடு எண்டு ஒருத்தரும் வாங்காயினம்."

கருவாட்டில் கொழுப்பு வெளியே வந்து மஞ்சள் பற்றினால் அது கெட்டுப்போகத் தொடங்கியதன் அடையாளம். வாங்கிப் பழகிய கண் அதைத்தான் முதலில் தேடும். காய்ந்த மீன் காய்ந்ததாகத் தெரிந்தால்தான் விலை. இன்னொரு நாட்டுச் சமையலறைக்காகக் கண்டுபிடித்த வித்தையை அப்படியே கொண்டுவந்து சுளகில் போட முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது. நிறமும் அப்படித்தான். போன் தானாகவே படத்தைக் கொஞ்சம் சூடாக்கி மஞ்சள் கூட்டும். கேக்குக்கு நல்லது, நெத்தலிக்கு ஆபத்து. வெள்ளைத் தாள் ஒன்றைச் சுளகில் வைத்து ஒரு படம் எடுத்து, அதைப் பார்த்தே மற்றப் படங்களின் நிறத்தைச் சரிசெய்கிறேன்.

வித்தைக்கு எல்லை உண்டா என்ற கேள்வி விளம்பரப் படத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் கம்பெல் சூப் நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் படம் எடுத்தபோது கோப்பையின் அடியில் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டார்கள். நாங்கள் விளையாடும் அதே போளைகள்தான். மரக்கறித் துண்டுகள் அடியில் தாழாமல் மேலே நிற்கவேண்டும், சூப் நிறையச் சத்துள்ளதாகத் தெரியவேண்டும் என்பது நோக்கம். அந்த நாட்டு வர்த்தக ஆணைக்குழு அதை ஏமாற்று என்று பிடித்தது, 1970இல் அப்படி இனிச் செய்யக்கூடாது என்று உத்தரவானது. எனக்கு அதில் பிடித்த விஷயம், சூப்பும் உண்மையான சூப்தான், மரக்கறியும் உண்மையான மரக்கறிதான். பொய் இருந்தது அடுக்கிய விதத்தில். நான் நெத்தலியில் உடைந்ததைப் பொறுக்கி ஒதுக்குவேன், தலை போனதை அடியில் தள்ளுவேன். அதுவரைக்கும் சரி என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்குப் போகிறவர் தலை வாரிக்கொள்வது பொய்யா என்ன?

இனி அக்காவின் முகம். எனக்கு முக்கியமான பரிசோதனை இதுதான்.

அக்கா நல்ல கறுப்பு. வெயிலில் நின்று மீன் காயவைக்கிறவரின் கறுப்பு, கன்னத்து எலும்பு மினுங்கும், மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. படத்துக்கு வந்தபோது முகம் நிறையப் பவுடர். "கொஞ்சம் வெள்ளையா வாற மாதிரி எடு பிள்ளை" என்றார். நான் கேள்விப்பட்ட எல்லா ஸ்டூடியோ வாசல்களிலும் இந்த வேண்டுகோள் கேட்கும். கேட்காமலே செய்து கொடுக்கிறவர்களும் உண்டு. கல்யாண அல்பங்களைத் திறந்தால் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். எனக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதற்காக அக்காவுக்கு வகுப்பெடுக்கவா முடியும்? கேட்பது அவர், முகம் அவருடையது.

கமெரா தன்பாட்டுக்கு என்ன செய்கிறது என்று முதலில் பார்த்தோம். கமெராவுக்குள் இருந்து வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. கறுப்பு பிரிஸ்டல் போர்டை மட்டும் எடுத்தால் சாம்பலாக வரும், வெள்ளை வேட்டியை மட்டும் எடுத்தாலும் சாம்பலாகத்தான் வரும். செய்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். அதே கணக்கில் கறுப்பு முகம் படச்சட்டத்தை நிறைத்தால் அதை வெளிறவைத்துச் சாம்பல் பூசும். அதே முகம் பளபளக்கும் கடலுக்கு முன்னால் நின்றால் கடலைப் பார்த்துப் பயந்து முகத்தை இருட்டில் தள்ளும். திருமலையில் எடுக்கப்படும் முகப்படங்களில் பாதி இந்த இரண்டில் ஒன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம். முகம் வெளிறினால் அழகு என்றும், இருண்டால் ஆள் கறுப்பு என்றும் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். கமெரா போட்ட கணக்கை யாரும் குற்றம் சொல்வதில்லை.

இதில் இன்னொரு பழைய கதை இருக்கிறது. கொடாக் நிறுவனம் கலர் பிலிம் விற்ற காலத்தில், நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோலின் நிறபேதங்களைப் பிடிக்கும் சக்தி அந்தப் பிலிமில் குறைவாக இருந்தது. வகுப்பறைப் படத்தில் வெள்ளைப் பிள்ளைகள் தெளிவாகவும் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பிள்ளைகள் கண்ணும் பல்லும் மட்டுமாகவும் வருவது சாதாரணம். அதை மாற்ற வைத்த அழுத்தங்களில் பெரியது எங்கிருந்து வந்தது தெரியுமா? சொக்லேட் கம்பனிகளிடமிருந்தும் மரத்தளபாடம் செய்கிறவர்களிடமிருந்தும். பால் சொக்லேட்டும் கறுப்புச் சொக்லேட்டும் விளம்பரத்தில் ஒரே நிறமாக வருகிறது, மரங்களின் நிறம் உள்ளபடி வருவதில்லை என்று அவர்கள் முறைப்பட்டார்கள். மண்ணிறங்களைப் பிரித்துக் காட்டும் பிலிம் அதன் பிறகுதான் மெல்ல வந்தது. பொருளுக்காகச் செய்த திருத்தத்தில் மனிதருக்கும் முகம் கிடைத்தது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. 2021இல்கூட கூகிள் தன் பிக்ஸல் போனுக்குப் பலவிதத் தோல்நிறங்களைச் சரியாக எடுக்கும் வசதியை ஒரு புதுச் சிறப்பாக விளம்பரம் செய்யவேண்டியிருந்தது.

சொக்லேட்டுக்கு உதவியது முகத்துக்கு உதவியதென்றால், எண்ணெய்ப் போத்தலுக்குச் செய்ததை அக்காவின் கன்னத்துக்குச் செய்தால் என்ன? தோலிலிருந்து கமெராவுக்கு வரும் வெளிச்சம் இரண்டு வகை. தோலுக்குள் போய் நிறத்தோடு திரும்புவது ஒன்று, மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கும் மினுக்கம் மற்றது. வெளிர் தோலில் முதலாவது நிறைய, முகத்தின் மேடுபள்ளத்தை அதுவே காட்டிவிடும். கறுப்புத் தோலில் மினுக்கம்தான் முகத்தைச் செதுக்குகிறது. மினுக்கம் என்றால் தெறிப்பு, தெறிப்பு என்றால் பழைய படுகோணம், தெறிகோணம். ஆகவே பெரிய வெள்ளை ஒன்று முகத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்வாக்கில் நிற்கவேண்டும். கன்னத்து எலும்பு அதைப் பார்க்கவேண்டும்.

வேட்டியை அக்காவின் இடது கைப்பக்கம், கிட்டத்தட்டக் காதுக்கு நேரே தொங்கவிட்டேன். வலது பக்கம் கறுப்பு போர்ட். நான் விறாந்தையை விட்டிறங்கிக் கிணற்றடிக்குப் போய் ஏழெட்டு அடி தள்ளி நின்றேன். போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு பெருக்கும், காது பின்னால் ஓடும். அது லென்ஸின் குற்றம் என்பார்கள், உண்மையில் தூரத்தின் குற்றம். முதலில் பவுடரோடு எடுத்தோம். பவுடர் மினுக்கத்தைக் கொன்றுவிடுவதால் கன்னம் தட்டையாகி, சாம்பல் படர்ந்தது. பிறகு அக்கா கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து, ஈரம் துடைத்த கையோடு உட்கார்ந்தார். வெளிச்சத்தை நான் கூட்டவில்லை, ஒளிமானி சொன்னதைவிடக் கொஞ்சம் குறைத்தே எடுத்தேன். நெற்றியிலிருந்து தாடைவரை வேட்டியின் வெள்ளை ஒரு கோடாக ஓடியது. அதற்கு இந்தப் பக்கம் செம்பு, அந்தப் பக்கம் கறுப்பு. கண்ணுக்குள் வேட்டி சின்னச் சதுரமாக நின்றது. மூக்குத்தி சொல்லவே வேண்டாம்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை. அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, "பவுடர் போட்டது சுகமில்லாத ஆள் மாதிரி இருக்கு" என்றார். அவருடைய மகள் எட்டிப் பார்த்து, "அம்மா இதில வடிவு" என்று கழுவிய முகத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆனாலும் அக்கா விடவில்லை. "இதையே கொஞ்சம் வெள்ளையாக்க ஏலாதோ?" என்று கேட்டார். சிரித்துவிட்டோம். ஆக்கவில்லை.

தெறிக்கும் மினுக்கத்தை வெட்டுகிற போலரைசர் பில்டர் ஒன்றையும் கூட்டாளி ஒருத்தியிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் போத்தலில் லேபலின் பளபளப்பை அழகாக எடுத்துவிட்டது. அக்காவின் முகத்தில் மினுக்கத்தையும் சேர்த்து எடுத்துவிட்டது, முகம் களிமண்ணாகிப் போனது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வெளிச்சம் சரி. ஆனால் கமெராவைப் பார்த்ததும் அக்கா அடையாள அட்டைக்கு நிற்பது போல விறைத்துக்கொண்டார். "சிரியுங்கோ" என்றால் பல் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. கடைசியில் சுளகை மடியில் கொடுத்தேன். கை தானாக நெத்தலியைப் பொறுக்கத் தொடங்கியது, தோள் இறங்கியது, முகத்தில் வேலை செய்கிறவரின் கவனம் வந்தது. இப்போது புதுச் சிக்கல், மடியில் வெள்ளி மினுங்குகிறது, முகம் கறுப்பு, இரண்டும் ஒரே படத்தில். முகத்துக்குச் சரி செய்தால் நெத்தலி வெளுத்துப் பொங்கும். சுளகுக்கும் வேட்டிக்கும் இடையில் ஒரு மட்டையைப் பிடிக்கச் சொல்லி மகளை இருத்தினேன். மீன் நிழலுக்குள் வந்தது, முகத்தில் வெளிச்சம் அப்படியே நின்றது. பிள்ளைக்குக் கை உளைந்து அடிக்கடி மட்டை இறங்கியதால் பாதிப் படங்கள் போயின. கிடைத்ததில் நல்லது ஒன்றில் அக்கா ஒரு மீனை உயர்த்தி வெளிச்சத்தில் பார்க்கிறார்.

அந்தப் படத்தைப் பக்கெட்டில் போடலாம் என்று நான் துள்ளிக்கொண்டிருந்தேன். அக்காவின் அம்மா நாவூறு, கண்பட்டுவிடும் என்றார், அதை நான் எதிர்பார்த்திருந்தேன். அக்கா சொன்னதை எதிர்பார்க்கவில்லை.

"பக்கெட்ட வெட்டி எடுத்திட்டு எறிவினம் பிள்ளை. என்ட முகம் றோட்டில கிடக்கும். ஆடும் மாடும் மிதிக்கும்."

எந்த வகுப்பிலும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. திரையில் பார்க்கும் முகமும் குப்பையில் கிடக்கும் முகமும் ஒன்றல்ல என்பது படத்தில் இருக்கிறவருக்குத்தான் முதலில் தெரிகிறது. பழைய கதை ஒன்று: ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெரிய உருவப்படக்காரி 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். இங்கே அவர் எடுத்ததில் எஞ்சியவை கொஞ்சம்தான். நிழலும் ஒளியும் அருமையாக இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் உண்டு, இங்கே எடுத்த தொழிலாளர்களில் பலருக்குப் பெயரில்லை. நல்ல வெளிச்சம் கொடுப்பது ஒன்று, அந்த முகம் எங்கெல்லாம் போகலாம் என்று கேட்பது வேறொன்று.

ஆகவே பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பக்கெட் லேபலில் சுளகும் கைகளும் மட்டும். முகம் உள்ள படம் வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும், அதுவும் அக்கா தன் போனிலிருந்து போடுவது. வேறு யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான். இதை ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். அக்காவுக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது, எனக்குத் தேவையாக இருந்தது.

லேபல் அச்சுக்குப் போனபோது கடைசித் தொல்லை. போன் திரையில் செம்பாக இருந்த கைகள் ஸ்டிக்கர் தாளில் கரியாக வந்தன. திரை தானே ஒளிர்கிறது, தாள் கடை லைட்டை நம்பி இருக்கிறது. அதோடு அச்சு மையில் மண்ணிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சொக்லேட் கம்பனிக்காரர் முறைப்பட்டதும் இதே மாதிரி ஒரு விஷயத்துக்குத்தான். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்பு கொடுக்கிறேன். போனுக்கு ஒன்று, அச்சுக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, நிழலைத் திறந்து இன்னொன்று. முழுத் தாள் அடிக்க முதல் ஒரு துண்டில் அடித்து, மாலைநேரக் கடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். வாங்குகிறவர் பார்க்கப்போவது அந்த வெளிச்சத்தில்தானே.

அக்காவின் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டு எண்ணெய் ஐயா போன் எடுத்தார். தன்னையும் செக்கோடு சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம். ஐயா வெள்ளை வேட்டி, வெள்ளைத் தாடி, நெற்றி நிறையத் திருநீறு. செக்கு நூறு வருசத்து எண்ணெய் குடித்த கறுப்பு மரம். இந்த முறை கறுப்பு போர்ட்தான் நிறைய வேண்டிவரும். வரும் கிழமை பிரதான வீதிப் புத்தகக் கடையில் நாலைந்து வாங்கவேண்டும்.